லேபிள் உதிர்ந்த தட்டு

திருத்தங்கல்
6.2.2025

விருதுநகர் சம்பந்தியம்மா லட்சுமிகாந்தம் அவர்களுக்குச் செல்லத்தாய் எழுதுவது.

இங்கு நலம். அங்கு நலமா என்று நான் கேட்கவில்லை.

உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் பிறந்த பேத்தி பிரீத்திகாவின் நிச்சயதார்த்தத்தன்று, "இனி இவகூட ஒரு வார்த்தை பேசுனா நான் செல்லத்தாய் இல்ல" என்று திருத்தங்கல் பெருமாள் இருக்கும் திசையைக் கும்பிட்டுச் சொன்னேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பிரீத்திகா சிரிக்கிறாள். "வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் போட்டுவிட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி தபாலாபீசு வரைக்கும் நடக்கீகளே அம்மாச்சி" என்கிறாள். வாய்ஸ் என்றால் அது பேச்சு. பெருமாளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அன்று நடந்ததை நீங்கள் உங்கள் தெருவில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு இருப்பதாகக் கேள்வி. அதனால் எழுதியே வைக்கிறேன். மண்டபத்தில் யாரோ, "பாட்டி ஒரு பாட்டு பாடுங்க" என்றார்கள். அங்கே பாட்டிமார் இரண்டு பேர் இருந்தோம். மைக் உங்கள் கைக்குப் போனது. நீங்கள் பாடினீர்கள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்த எங்கள் தெரு வெள்ளைத்தாயிடம், "மொளகா வத்தல் மூட்டை அடுக்குன கிட்டங்கிக்குள்ள நின்ன கணக்கா தொண்டை கமறுதே" என்றேன். ரகசியமாகத்தான் சொன்னேன். என் ரகசியம் கொஞ்சம் சத்தமாக இருக்கும், அது பிறவியில் வந்தது. அதற்கு நீங்கள் மைக்கை இறக்காமலே, "பாடத் தெரியாதவகளுக்குக் கமறல் மட்டுந்தான் கேக்கும்" என்றீர்கள். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கைகூடத் தட்டினார். அவர் முகம் எனக்கு நினைவிருக்கிறது. கல்யாணத்துக்கு வருவார் அல்லவா, பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் டைல்ஸ் போடுகிற வேலை நடப்பதால், காலமான உங்கள் வீட்டுக்காரர் சீனிவாசகம் அண்ணாச்சி சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுப் பெட்டியையும் பிளேயரையும் பிரீத்திகா லோடு ஆட்டோவில் கொண்டுவந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். இங்கே பிரஸ்ஸில் டிசைன் வேலை பார்க்கிறவள் என் வீட்டில் தங்காமல் வேறு எங்கே தங்குவாள்? அது உங்களுக்கு எரிச்சல் என்று தெரியும். இப்போது பெட்டியும் வந்துவிட்டது.

முள்ளை எப்படி இறக்குவது என்று சொல்லிக் கொடுத்தாள். "இந்தக் குமிழை மட்டும் தொட்டுறாதீக அம்மாச்சி, அப்புறம் எல்லாம் கந்தலாயிரும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனாள். நான் தொடவில்லை. சொன்னதைக் கேட்கிற ஆள் நான்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. உறைப் படத்தை வைத்துத்தான் அடையாளம். பட்டாசு லேபிளில் கண் பழகியவள் என்பதால் கலர் சரியாக ஏறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பாட்டு அதற்குப் பிறகு. கன்னம் உப்பிய ஒருவன் குழல் ஊதுகிற தட்டு இருக்கிறது. உறையில் சிவப்பு நகர்ந்துபோய் அவன் உதடு மூக்குப் பக்கம் ஏறிக் கிடக்கிறது. அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு என்னமாய் ஊதுகிறான்! புஸ்வாணத்தில் திரி எரிந்து முடிந்து, நமுத்துப் போச்சு என்று நாம் திரும்பும்போது பொசுக்கென்று எழும்புமே, அதுபோல. ஊதுகிற இடத்தைவிட ஊதாமல் நிற்கிற இடத்தில்தான் அவன் கெட்டிக்காரன்.

அடுத்து, கறுப்புக் கோட்டுப் போட்ட பெருங்கூட்டம் ஒன்று உட்கார்ந்து பிடில் வாசிக்கிற தட்டு. பந்தியில் இலை போடுவதற்கு முன்னால் நடக்கிற ஓட்டம் போல எல்லாரும் எங்கேயோ ஓடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கண் சொக்கியது. திடீரென்று உள்ளே எவனோ முரசை ஓங்கி அடித்தான் பாருங்கள்! வெள்ளைத்தாய் போனைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்துவிட்டாள். "எங்கன வெடிச்சுது? விஸ்வநத்தமா?" என்று கேட்கிறாள். அவள் மகன் அங்கே பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கிறான். பாதித் தெரு வாசலுக்கு வந்து வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்க்கிறது. நான் தட்டின் உறையைக் கொண்டுபோய்க் காட்டி, "இந்தா, இவங்கதான் அடிச்சது" என்றேன். வெள்ளைத்தாய் மகனுக்குப் போன் போட்டு அவன் குரலைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்குள் போனாள். அந்தத் தட்டை இனிமேல் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் போடவேண்டும்.

எனக்கு எதில் மனசு ஆறவில்லை என்றால், இதையெல்லாம் நீ அத்தனை வருஷம் ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். உன்னை உட்கார வைத்து ஒரு மனுஷன் தட்டு வாங்கி வாங்கிப் போட்டிருக்கிறார். எனக்கு அந்த வருஷமெல்லாம் கேட்டது என் வீட்டுக்காரருடைய பேப்பர் கட்டிங் மெஷின் சத்தம்தான்.

பெட்டி இங்கேயே இருக்கும். இது தகவல்.

செல்லத்தாய்


விருதுநகர்
13.2.2025

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

"அவர்களுக்கு" என்று ஆரம்பித்தாய். கடைசிப் பக்கத்தில் "நீ" வந்துவிட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டாம் முறை படித்தேன்.

நீ சொன்ன கமறல் உண்மைதான். மண்டபத்தில் எனக்கே தெரிந்தது. தெரிந்த ஒன்றை அடுத்தவள் சொன்னால் கூடுதலாகக் குத்தும், அதனால் திருப்பிக் குத்தினேன். கொஞ்ச நாளாகத் தொண்டை சரியில்லை. செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டப் போகிறேன். தொண்டை கட்டியவர்களுக்கு எல்லாரும் மிளகுப்பால் சொல்கிறார்கள். நான் குடித்த மிளகுக்கு இந்நேரம் கொடி முளைத்திருக்க வேண்டும்.

கன்னம் உப்பியவனைப் பற்றி நீ எழுதியதை மருமகளிடம், அதாவது உன் மகளிடம், வாசித்துக் காட்டினேன். "எங்கம்மா சொல்றாப்லயே இருக்கு அத்தை" என்று சிரித்தாள். இந்த வீட்டில் அந்தத் தட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. உன் சம்பந்தியார் பருப்பு வியாபாரமாகப் பம்பாய் போகும்போதெல்லாம் ஒன்று இரண்டு வாங்கி வருவார். உறை பளபளப்பாக இருந்தால் வாங்கிவிடுவார். உனக்கும் அவருக்கும் அதில் ஒரே புத்தி.

பிரீத்திகா உன்னிடம் தங்குவதில் எனக்கு எரிச்சல் என்று எழுதியிருக்கிறாய். எரிச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தால், என் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மாச்சி வீட்டுக் கருப்பட்டிக் காபி இருக்கே, அப்பத்தா" என்று தொடங்கிவிடுகிறாள். நான் சிரித்துக்கொண்டு கேட்கிறேன். அடுப்படிக்குப் போய் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிறேன்.

ஒரே ஒரு உதவி செய். பெட்டியின் அடியில், உறை இல்லாமல், பழைய பேப்பரில் சுற்றிய சின்னத் தட்டு ஒன்று இருக்கும். நடுவில் லேபிள் உதிர்ந்து வெறும் கறுப்பாக இருக்கும். அதை மட்டும் பிரீத்திகாவிடம் கொடுத்தனுப்பு. மற்றதையெல்லாம் நீயே வைத்துக்கொள். நிஜமாகவே சொல்கிறேன். அந்த ஒன்று மட்டும் எனக்கு வேண்டும், சீக்கிரம் வேண்டும்.

லட்சுமிகாந்தம்


திருத்தங்கல்
20.2.2025

சம்பந்தியம்மாவுக்கு,

"நீ" என்று வந்ததைக் குத்திக் காட்டியிருக்கிறாய். இனி "நீ" என்றே எழுதுகிறேன். "நீங்கள்" எழுத மை நிறையச் செலவாகிறது.

சின்னத் தட்டைத் தர மாட்டேன்.

"மற்றதெல்லாம் நீயே வைத்துக்கொள்" என்கிறாய். அப்படியென்றால் சரக்கு அந்த ஒன்றில்தான் இருக்கிறது. உன் வழக்கம் எனக்குத் தெரியாதா? பாவாடை தாவணி வயசில் தாயில்பட்டித் திருவிழாவில் ரிப்பன் வாங்கினோம். "ஒன் நெறத்துக்குப் பச்சைதான்டி எடுப்பா இருக்கும்" என்று சொல்லி என் கையில் பச்சையைத் திணித்துவிட்டு மஞ்சளை நீ எடுத்துக்கொண்டாய். அந்தப் பச்சை ஒரே தண்ணீரில் சாயம் போனது. உனக்கு மறந்திருக்கும். எடுத்துக்கொண்டவர்களுக்கு எதுவும் நினைவு நிற்பதில்லை.

பெரிய தட்டுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுக் கேட்டு முடிக்கப் போகிறேன். சடை வளர்த்த நாலு பையன்கள் மரத்தடியில் நிற்கிற தட்டைப் போட்டேன். ஆணிப் பெட்டியைப் படியில் உருட்டிவிட்டதுபோல் தொடங்குகிறார்கள். நிறுத்தப் போனேன். ஆனால் பின்னால் கொட்டு அடிக்கிற பையன் இருக்கிறானே, அவன் கட்டிங் மெஷின் கத்தி இறங்குவதுபோல் இம்மி பிசகாமல் இறங்குகிறான். அவனை நம்பித்தான் மற்ற மூன்று பேரும் அந்த ஆட்டம் ஆடுகிறார்கள். உறையில் அவன் முகம் பாதிதான் தெரிகிறது. முன்னால் பெரிதாக நிற்பது பாட்டுக்காரன். எந்த ஊரிலும் இதுதான் நடக்கிறது.

ஒரு கறுப்பு வயசாளி நாற்காலியில் உட்கார்ந்து கிதார் வைத்துப் பாடுகிற தட்டும் இருக்கிறது. பெண்டாட்டி அவனை விட்டுப் போய்விட்டாள் என்று நினைக்கிறேன். பாஷை தெரிய வேண்டியதில்லை, அது குரலில் இருக்கிறது. அவன் ஒரு வரி சொன்னால் கிதார் "உம்" கொட்டுகிறது. அடுத்த வரிக்கும் "உம்". நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். எனக்கு எவரும் அப்படி "உம்" கொட்டியதில்லை.

மூக்குத்தி போட்ட வடக்கத்தி அம்மா ஒருத்தி ஆர்மோனியத்தோடு ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறாள். முதலில் சண்டை போடுகிறாள். அப்புறம் கெஞ்சுகிறாள். பிறகு போனால் போ என்கிறாள். வரி ஒன்றுதான். வெள்ளைத்தாய் கேட்டுவிட்டு, "நீ ஒன் சம்பந்தியப் பத்திப் பேசுறாப்ல இருக்குக்கா" என்றாள். அவளுக்கு அன்று காபி கிடையாது.

கடைசியாக, ஏதோ பாலைவனத்து ஊர்ப் பாட்டு. ஒரு பொம்பளை பாடுகிறாள். அவள் ஒரு வரி முடிப்பதற்குள் ஜனங்கள் கதறிக் கை தட்டுகிறார்கள். அவள் நிறுத்தி, அதே வரியை வேறு மாதிரி கொடுக்கிறாள். இன்னும் கதறுகிறார்கள். பாதியில் முள்ளைத் தூக்கிவிட்டேன். கை தட்டல் கேட்டால் எனக்கு விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி நினைவுதான் வருகிறது.

நாம் இரண்டு பேரும் லேபிள் செக்சனில் இருந்தோம். தீபாவளிக்கு ஏஜெண்டுகளுக்கு ஒரு கம்பெனிப் பாட்டைச் சின்னத் தட்டில் அடித்துக் கொடுக்கலாம் என்று முதலாளி நினைத்தார். "நம்ம பிள்ளைகள்லயே யாராவது பாடுங்க" என்று மேனேஜர் வந்து நின்றார். நான் பாடினேன், நீயும் பாடினாய். செக்சனில் எனக்குத்தான் கை தட்டினார்கள். பசை வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். பாட்டைப் பதிய நான் மதராஸுக்குப் போக வேண்டிய அன்று காலையில் நீ மேனேஜரிடம் போய், "செல்லத்தாய்க்கு ஜலதோசம் சார்" என்றாய். நீ அன்று உடுத்தியிருந்தது கத்தரிப்பூக் கலர் தாவணி. எனக்கு வந்தது ஜலதோஷம் இல்லை, மை நெடியில் வந்த தும்மல். ரெண்டு தும்மலில் ரயில் போய்விட்டது. நீ பாடி வந்தாய். மயில் லேபிள் ஒட்டிய அந்தத் தட்டை நான் இன்று வரை கேட்டதில்லை. கம்பெனியில் போட்டால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். டீக்கடையில் போட்டால் வேறு தெருவில் சுற்றிப் போவேன். அதைப் பார்த்துத்தான் பருப்பு வியாபாரி வீட்டிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

என் ரயிலில் நீ போனாய். பிறகு என் மகளும் உன் வீட்டுக்கே ஆசைப்பட்டு வந்தாள். சின்னத் தட்டையாவது நான் வைத்துக்கொள்கிறேன்.

செல்லத்தாய்


விருதுநகர்
27.2.2025

செல்லத்தாய்க்கு,

அன்று உனக்கு மூக்கு ஒழுகியது. நான் கண்ணால் பார்த்தேன். முந்தானையில் துடைத்துவிட்டு, "ஒண்ணுமில்லடி" என்றாய். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

மதுரைக்குப் போய் வந்தேன். மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தட்டைக் கொடு. விளையாட்டு வேண்டாம். கொடுக்கும் வரைக்கும் அதை நீ போட்டுக் கேட்காதே. உனக்கு அது பிடிக்காது.

லட்சுமிகாந்தம்


திருத்தங்கல்
9.3.2025

லட்சுமிகாந்தத்துக்கு,

போடாதே என்று எழுதினால் போட மாட்டேனா? உன் கடிதம் வந்த மத்தியானமே வெள்ளைத்தாயை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போட்டேன்.

கம்பெனித் தட்டோ என்று முதலில் நெருப்பாகத்தான் கையில் எடுத்தேன். மயில் ஒட்டியிருந்த தடம்கூட இல்லை. ஒரு பக்கம் கீறல் விழுந்து, முள் சறுக்கிக்கொண்டு கரையேறிவிட்டது. மறுபக்கம் போட்டேன்.

ஒரு ஆம்பளைக் குரல். சொல் இல்லை, மேளம் இல்லை, வெறும் முனகல். கிணற்றடியில் நின்று தனக்குத்தானே பாடிக்கொள்கிற குரல். அவசரம் என்பதே இல்லாத மனுஷன். ஒவ்வொரு திருப்பத்திலும் சற்று நின்று, இந்த வழியாகப் போகலாமா என்று யோசித்துப் போகிறான். நடுவில் ஒரு இடத்தில் குரல் அடியில் போய்த் தங்குகிறது. கனமான சாமானைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மூச்சு விடுவோமே, அப்படி. எனக்கு அந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. நான் அழுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூடச் சொந்தக்காரர்களுக்காகத்தான் அழுதேன்.

கன்னம் உப்பியவன், கோட்டுக்காரர்கள், கிதார் வயசாளி, மூக்குத்தி அம்மா, எல்லாரையும் ஒரு பக்கம் வை. இந்தப் பெட்டியில் இவன் ஒருத்தன் போதும். இதைவிட நல்ல குரலை நான் கேட்டதில்லை. எனக்கு ஒருவரைப் பாராட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பாராட்டுகிறேன்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அந்த முனகலை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறது. எனக்கு எதுவும் மறக்காது. ரிப்பன் மறக்கவில்லை, தாவணிக் கலர் மறக்கவில்லை. இது மட்டும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகிறது. கேட்கும்போது என் கை தானாகக் கட்டில் விரிப்பை நீவிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

யார் என்று யோசித்தேன். பிறகு புரிந்தது. உறை இல்லாமல், யாருக்கும் தெரியாமல் பேப்பரில் சுற்றி வைத்தது. "எனக்கு அது வேண்டும், சீக்கிரம் வேண்டும்" என்று நீ பறப்பது. சீனிவாசகம் அண்ணாச்சிதானே? பம்பாயில் காசு கொடுத்து உனக்காகப் பாடிப் பதிந்துகொண்டு வந்திருக்கிறார். கடையில் கணக்காகப் பேசுகிற மனுஷனுக்குள் இப்படி ஒரு குரல் இருந்திருக்கிறது, அது முழுக்க உனக்கு.

என் வீட்டுக்காரர் கோட்டைச்சாமி நல்லவர்தான். அடித்ததில்லை, குடித்ததில்லை. மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால், "சோறு" என்பார். ஆயுசுக்கும் அந்த ஒரு சொல்தான். பிடித்ததா, உப்பு சரியா, ஒன்றும் கிடையாது. "சோறு." அவ்வளவே. உனக்கு மேடை கிடைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை. குரலும் உனக்கு, உனக்காகப் பாடுகிற குரலும் உனக்கு. ஒருத்திக்கே எல்லாம் எப்படிப் போகும்? யார் பங்கு பிரித்தார்கள்?

நீ ஆயுசு முழுக்கக் கேட்டாய். நான் கொஞ்ச நாள் கேட்டுவிட்டுத் தருகிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் பார்க்கலாம்.

செல்லத்தாய்


விருதுநகர்
21.3.2025

அடி செல்லத்தாய்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் தொண்டை வலித்து, உன் மகள் வெந்நீர் கொண்டுவந்தாள். பிறகு அழுதேன். அதற்கும் வெந்நீர்தான் கொண்டுவந்தாள்.

பிளேயரில் தொடக் கூடாது என்று பிரீத்திகா சொன்ன குமிழ் இருக்கிறதே, அதில் 33, 45 என்று போட்டிருக்கும். பெரிய தட்டு 33-ல் சுற்ற வேண்டும். சின்னத் தட்டு 45-ல் சுற்ற வேண்டும். நீ அதை மெதுவாகச் சுற்றவிட்டிருக்கிறாய். மெதுவாகச் சுற்றினால் குரல் கீழே இறங்கிவிடும். பெண் குரல் ஆண் குரலாகிவிடும்.

உன் சம்பந்தியாருக்குப் பாட வராது. கேட்கவும் வராது. தட்டைப் போட்டதும் ஊஞ்சலில் சாய்ந்து தூங்கிவிடுவார். ஒரு பக்கம் முடிந்து முள் சொரசொரவென்று ஓடும்போது கண்ணைத் திறக்காமல், "தட்டத் திருப்பு" என்பார். உனக்கு "சோறு". எனக்கு "தட்டத் திருப்பு". "நீ பாடு" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் பாடிய தட்டைப் பார்த்துப் பெண் கேட்டு வந்த வீடுதான், நீ எழுதியது சரி. வந்த பிறகு, "வியாபாரக் குடும்பத்துக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று அது பேப்பரில் சுற்றப்பட்டது. பசையை ராமபாணப் பூச்சி தின்று மயில் உதிர்ந்துவிட்டது. நம் கையால் காய்ச்சிய மைதாப் பசை, பூச்சிக்கு ருசியாகத்தான் இருந்திருக்கும்.

ஆமாம், அதுதான் கம்பெனித் தட்டு. கீறல் விழுந்த பக்கம் கம்பெனிப் பாட்டு. நீ கேட்டது மறுபக்கம். பாட்டு ஒரு பக்கத்துக்குத்தான் இருந்தது. "பின்பக்கம் சும்மா கெடக்கே, எதையாவது மொனங்கும்மா" என்றார் ஸ்டூடியோக்காரர். எனக்கு அந்தக் கண்ணாடி அறைக்குள் எதுவுமே வரவில்லை. நீ வந்தாய். லேபிள் ஒட்டும்போது நீ ஒன்றை முனகிக்கொண்டே இருப்பாயே, பசை தடவி, வைத்து, நீவி, தள்ளுகிற அந்தக் கை ஓட்டத்துக்கு நீயாகப் போட்டுக்கொண்டது? அதுதான் வந்தது. உன் கை ஏன் கட்டில் விரிப்பை நீவியது என்று இப்போது தெரிகிறதா?

தட்டு அடித்து வந்ததும் உன்னிடம் காட்டி, "பின்பக்கத்துல நீதான்டி இருக்க" என்று சொல்லத்தான் நினைத்தேன். நீ அதற்குள் என் பக்கத்தைவிட்டு வேறு மேசைக்கு மாறிவிட்டாய். போடுகிற இடத்திலெல்லாம் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாய். நானும், போடி, நீயாகக் கேட்கிற அன்றைக்குக் கேள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது நான் ஏன் அவசரப்பட்டேன் என்று சொல்கிறேன். தொண்டையில் இருப்பது கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்கிறார்கள். எங்கள் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நாள் சாட்டியாயிற்று, இனி திருவிழா முடியும்வரை நான் ஊர் எல்லை தாண்ட மாட்டேன், என் மாமியார் காலத்துக் கட்டுப்பாடு. முடிந்ததும் ஆபரேசன். "உசிருக்கு ஒண்ணுமில்லம்மா, குரல் மட்டும் கீழ இறங்கிப்போகலாம், ஆம்பளைக் குரல் மாதிரி ஆனாலும் ஆகும்" என்றார் டாக்டர். உயிரைப் பற்றி அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. என் குரல் அந்த ஒரு தட்டில்தான் இருக்கிறது. போவதற்கு முன்னால் ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆம்பளைக் குரலோடு பேத்தி கல்யாணத்தில் நின்று "வாங்க, சாப்பிட்டீகளா" என்று எப்படிக் கேட்பேன் செல்லத்தாய்? நான் வாயைத் திறந்தால் பிள்ளைகள் சிரிப்பார்களே.

தட்டைக் கொடுத்தனுப்பு. கெஞ்சித்தான் கேட்கிறேன். உனக்குத் திருப்தியா?

காந்தம்


திருத்தங்கல்
27.3.2025

அடியே காந்தம்,

குமிழைத் தொட்டேன். 45-க்குத் தள்ளிப் போட்டேன்.

நீதான். கத்தரிப்பூத் தாவணிக் காந்தம் அப்படியே உள்ளே நிற்கிறாள். என் முனகலை நான் வேறு ஒருத்தி தொண்டையில் கேட்டேன். வேகம் சரியானதும் பசை வாசனைகூட மூக்கில் ஏறியது. குரல் நன்றாகத்தான் இருக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன். இதற்கு மேல் எதிர்பார்க்காதே.

முதலில் கோபம் வந்தது. ரயிலும் என்னுடையது, முனகலும் என்னுடையது, எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போனாயே என்று. சாயங்காலம் வரை அந்தக் கோபத்திலேயே இருந்தேன். பிரீத்திகா ஆபீசிலிருந்து வந்தாள். அவளிடம் தட்டைப் போட்டுக் காட்டினேன். "இது ஒங்கப்பத்தா. மொனங்குறது நான் போட்ட மெட்டு" என்றேன். அவள் அதை யோசித்துவிட்டு, "அப்ப நீங்களும் ரெக்கார்டுல இருக்கீகளா அம்மாச்சி?" என்றாள். கோபத்தில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அடுப்படிக்குப் போய் டம்ளரைச் சத்தமாக வைத்தேன்.

பிறகு குமிழைத் திரும்ப 33-க்குத் தள்ளினேன். அந்த ஆள் மறுபடியும் வந்தான். காந்தம், நான் சொல்வதைக் கேள். உனக்கு ஆறுதல் சொல்வதற்காக நான் எதையும் எழுதுகிறவள் இல்லை. உன் இளவயசுக் குரலைவிட அந்த ஆம்பளைக் குரல்தான் நல்ல குரல். இது நீ என்று தெரியாதபோது நான் எழுதியது உன் கையில் இருக்கிறது, எடுத்துப் படி. இந்தப் பெட்டியில் இவன் ஒருத்தன் போதும் என்று எழுதினேன். உன் மேல் ஆத்திரத்தில் இருந்தபோதே எழுதினேன். தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா? செத்தாலும் எழுதியிருக்க மாட்டேன். டாக்டரிடம் சொல், இறங்கினால் இறங்கட்டும் என்று. எவனாவது மண்டபத்தில் சிரித்தால் நான் இருக்கிறேன். கட்டம் போட்ட சட்டைக்காரரை எப்படியும் ஒரு கை பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு தப்பு இருக்கிறது. இரண்டாவது திருப்பத்தில் நீ மூச்சு விடுகிறாய். அங்கே மூச்சு விடக் கூடாது. லேபிளை நீவுகிற இடம் அது, நிறுத்தினால் சுருக்கம் விழும். உனக்கு லேபிளும் ஒழுங்காக ஒட்ட வந்ததில்லை. அதைத் திருத்தாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நீ எல்லை தாண்டக் கூடாது, எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தட்டு என் மடியில் இருக்கும். பிளேயரை பிரீத்திகா பின்னால் கொண்டுவருவாள். நான் வந்து உட்கார்ந்தால் நலமா என்று கேட்காதே, நான் பதில் சொல்ல மாட்டேன். சத்தியம் சத்தியம்தான். ஆனால் முனகுவது பேச்சில் சேராது. பெருமாளிடம் கேட்டுவிட்டேன்.

கல்யாணத்தில் யாராவது, "பாட்டி ஒரு பாட்டு" என்றால் மைக்கை நடுவில் வைக்கச் சொல். அந்த ஆளோடு நீ கீழே இரு. மேல் குரல் என்னுடையது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

இந்தத் தடவை எனக்கு ஜலதோஷம் இல்லை.

செல்லத்தாய்